வீடு பெரும்பாக்கத்தில், கடை பாரிமுனையில்

தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளிப் பூ விற்கும் ஓர் அம்மாவைப் பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். ஒரு பலகை, அதன்மேல் ஈரச் சாக்கு, சாக்கின்மேல் மல்லியும் கனகாம்பரமும். தண்ணீர் தெளிக்க, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. கடை அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை என்றால் மதியத்துக்குள் பூ தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் அலுவலகம் விட்டுப் போகும் பெண்களை நம்பி இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்.

முன்பு அவர் வீடு சென்ட்ரல் பக்கம், கூவம் கரையில் இருந்தது. விடியற்காலை பூவை வாங்கிக்கொண்டு நடந்தே தெருவுக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு நடை வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து வைத்துவிட்டுத் திரும்புவார். 2019 டிசம்பரில் கூவம் கரைக் குடும்பங்களைச் சாமான்களோடு வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுகூட முறையாக முடியாத நேரம் அது. “வீட்டைக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. கக்கூஸ் உள்ளயே இருக்கு, மழைக்கு ஒழுகல. ஆனா அங்கேருந்து வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிடுது. ராத்திரி போய்ச் சேர பத்தரை ஆவுது. புள்ளைங்க தூங்கிடுதுங்க” என்றார். 2021-ல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு அவருக்குக் காசு மிச்சம். நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நகரின் மையத்தில் பிழைக்கும் ஏழைக்கு வீடும் கடையும் ஒரே பிழைப்பின் இரண்டு பாதிகள். நம் நிர்வாகம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. வீடு என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கோப்பு. நடைபாதைக் கடை என்றால் மாநகராட்சியின் கோப்பு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் எவருடைய கோப்பிலும் இல்லை. அந்தத் தூரத்தைத்தான் பூக்காரம்மா தினமும் தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்னையின் மையப்பகுதி இப்படிப் பிறந்த ஊர் அல்ல. கறுப்பர் நகரம் என்ற பெயரை மாற்றி ஜார்ஜ் டவுன் என்று 1911-ல் பெயர் சூட்டப்பட்டதற்கு வெகுகாலம் முன்பே, அங்கே தொழிலும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து என்று தெருவுக்கு ஒரு சரக்கு. கீழே கடை, மேலே முதலாளி குடும்பம், பின்கட்டில் கணக்கப்பிள்ளை, முற்றத்தைச் சுற்றி ஒண்டுக்குடித்தனங்கள். ஒரே நடையில் வரிசையாக அறைகள் இருக்கும் வீட்டை ‘ஸ்டோர்’ என்பார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் அது சாதாரணம். ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. கட்டில் ஒன்று, ஆணியில் இரண்டு சட்டை, கீழே இறங்கினால் மெஸ். யாரும் இவற்றை ‘குறைந்த வாடகை வீட்டுவசதித் திட்டம்’ என்று அழைத்ததில்லை. ஆனால் வேலை நடந்தது அந்த அறைகளால்தான்.

அந்த வாழ்க்கையை நான் தங்கத்தட்டில் வைத்துக் காட்ட வரவில்லை. பத்துக் குடித்தனத்துக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை. இன்ன சாதிக்கு வீடு இல்லை, இன்ன மதத்துக்கு அறை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய வீட்டுக்காரர்கள். இவை எல்லாம் உண்மை. சேரியும் குடிசையும் ஆற்றங்கரைக்கும் ரயில் பாதை ஓரத்துக்கும் போனது இந்தக் கதவடைப்பாலும்தான். இருந்தும், தள்ளுவண்டிக்காரரும் சுமைதூக்கும் தொழிலாளியும் வேலை செய்யும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தலைசாய்க்க முடிந்தது என்பது சிறிய விஷயமல்ல.

இன்று பாரிமுனைத் தெருக்களில் அந்தி சாய்ந்ததும் அண்ணாந்து பாருங்கள். மேல்தளங்களில் விளக்கு எரியாது. அறைகள் சரக்கு அறைகளாகிவிட்டன. ஒரு குடும்பம் தரும் வாடகையைவிட அட்டைப்பெட்டிகள் தரும் வாடகை அதிகம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கட்டாயம் என்றானது. மூன்று தலைமுறையாக வாய்வார்த்தையில் குடியிருந்தவர்களை அது எந்த இடத்தில் நிறுத்தியிருக்கும் என்பதை யூகிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. பழைய சட்டத்தால் வீட்டுக்காரர்கள் கட்டடத்தைப் பழுதுபார்க்காமல் விட்டார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பழைய பாதுகாப்பை எடுத்தபோது அதற்கு ஈடாக மையப்பகுதியில் ஓர் அறைகூட அரசு கட்டித் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அரசு நினைத்தால் செய்ய முடியும் என்பதற்குக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரிலேயே சாட்சி நிற்கிறது. 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது தமிழர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் இறங்கியவர்களுக்காக 1969-ல் ராஜாஜி சாலை ஓரத்தில் உருவானதுதான் பர்மா பஜார். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். வந்தவர்களில் பலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அங்கிருந்து கடற்கரை எட்டிப்பிடிக்கும் தூரம். சைக்கிளில் வந்து கடை திறந்து, இரவு வீடு திரும்ப முடிந்தது. இரண்டு தலைமுறையில் ஒரு புதிய வியாபாரச் சமூகமே எழுந்தது. இன்றைக்கும் சாயங்காலம் அந்தப் பக்கத்து சந்துகளில் அத்தோ வண்டிகள் நிற்கின்றன. மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துத் தட்டில் வைப்பார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். அகதியாக வந்தவர்களின் சமையல் ஒரு நகரத்தின் மாலைச் சிற்றுண்டியானது, தெருவில் நிற்க இடமும் எட்டும் தூரத்தில் வீடும் இருந்ததால்.

இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படும் குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டபோதும் இதே புத்திதான் வழிநடத்தியது. 1971-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வீடுகள் சின்னவை, 200 சதுர அடியைச் சற்றே தாண்டும். பராமரிப்பு மோசம். பிற்காலத்தில் பல கட்டடங்கள் இடிந்துவிழும் நிலைக்கு வந்தன. ஆனால் அந்தக் குடியிருப்புகளுக்குள் காலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்துபாருங்கள். தரைத்தளத்து ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு கடை. ஒன்றில் இட்லி, ஆவி பறக்க வேட்டித் துணியோடு கவிழ்கிறது. அடுத்ததில் பால் பாக்கெட். மாடிப்படியின் அடியில் இஸ்திரி வண்டி. இந்த இட்லி அந்தக் குடியிருப்புக்கு மட்டுமல்ல. பக்கத்துத் தெருவின் ஆட்டோ ஓட்டுநர், காவலாளி, துப்புரவுத் தொழிலாளி எல்லாருக்கும் அதுதான் காலைச் சாப்பாடு. ஓட்டலில் கொடுக்கும் காசில் பாதிக்கும் குறைவு.

2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பாதையிலிருந்து வாரியம் விலகியது. துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகரில் 15,000-க்கும் அதிகமான வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், அதற்கப்பால் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் அதிகமான வீடுகள். நகரில் நிலம் இல்லை என்றார்கள். ஆற்றங்கரையில் இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து என்றார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு வலு கூடியது. ஆபத்து உண்மைதான். ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டது எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி என்று அங்கே மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடப்பவர்கள் கேட்கிறார்கள்.

பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். ஆறாவது மாடியில் வீடு கிடைத்தவர் ஜன்னலில் இட்லிக் கடை வைத்து யாருக்கு விற்பார்? சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அவரைப் போலவே வேலையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள். வாங்கும் கை இல்லாத இடத்தில் விற்கும் கை மட்டும் எத்தனை இருந்து என்ன? அதனால்தான் ஒதுக்கிய வீட்டைப் பூட்டிவிட்டோ உள்வாடகைக்கு விட்டுவிட்டோ பலர் பழைய இடத்தின் அருகே எங்காவது ஒண்டிக்கொள்கிறார்கள். அதிகாரிகள் இதைப் பேராசை என்கிறார்கள். வயிற்றுப்பாட்டின் கணக்கு என்பேன் நான். ‘கண்ணகி நகர்’ என்று விலாசம் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு, தூரம் என்பது கிலோமீட்டரோடு முடிகிற விஷயமல்ல என்பது புரியும்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பின் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அங்கிருந்து அகற்றப்படுபவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். அருகிலேயே வீடு தருவது சாத்தியம் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஓர் உயிர் போன பிறகு கிடைத்த அந்த ஒப்புதல், ஏன் கொள்கையாக எல்லாருக்கும் பொருந்தக் கூடாது?

இனி கடைக்கு வருவோம். 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய தெரு வியாபாரிகள் சட்டம், படித்தால் நெஞ்சு நிறையும் சட்டம். நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம் பேர் வரை தெரு வியாபாரிகளாக இடம்பெறலாம் என்கிறது. சென்னை மாநகராட்சியின் விரிந்த எல்லைக்குள் 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் பேர். அப்படியென்றால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளுக்கு இந்த நகரில் சட்டப்படி இடம் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் காலங்காலமாகக் கூடும் இயல்பான சந்தைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். இப்படியெல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் வியாபாரி இரவில் எங்கே தூங்குகிறார் என்ற கேள்வி இல்லை. வாரியத்தின் சட்டத்தில் குடியிருப்பவர் பகலில் எங்கே பிழைக்கிறார் என்ற கேள்வி இல்லை.

கடையை மட்டும் பெயர்த்து எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையில் முன்னுதாரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ஆம் தேதி எரிந்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு, பறவை, பொம்மை என்று எதைத் தேடினாலும் கிடைத்த அந்தச் செங்கல் கட்டடம் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளத்தில் வணிக வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். தூரம் அதிகமில்லை. ஆனால் ரயிலைப் பிடிக்கப் போகும் வழியில் நின்று புத்தகம் புரட்டியவர், தேடிக்கொண்டு உள்ளே வரவில்லை. பாண்டி பஜாரில் 2013-ல் நடைபாதை வியாபாரிகளை அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். 2019-ல் சாலை அகலமான நடைபாதையாக அழகுற மாறியது. நடக்க இதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. மாடிக்குப் போன வியாபாரிகளோ வாடிக்கையாளர் ஏறிவருவதில்லை என்று அப்போதிருந்தே சொல்லிவருகிறார்கள். வளையலும் கைக்குட்டையும் தேடிப்போய் வாங்கும் பொருள்கள் இல்லை. கண்ணில் பட்டால் வாங்குவோம்.

இதற்கு மாறாக ஒன்று. பட்டினப்பாக்கம் லூப் சாலையில் மீன் விற்பவர்களை அகற்றுவது தொடர்பாக 2023 ஏப்ரலில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. போக்குவரத்து நெரிசலை முன்னிட்டு உயர் நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கு அது. மீனவர்கள் சாலையில் படகை நிறுத்திப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அந்தச் சாலையிலேயே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அதைப் பற்றி மனக்குறைகள் இருக்கலாம். ஆனால் நொச்சிக்குப்பத்துப் பெண்ணுக்கு வீடு சாலையின் இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம், கடை நடுவில். மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். விற்காத மீனை அன்றே வீட்டு வாசலில் கருவாட்டுக்குக் காயவைக்கலாம். வீடு அங்கேயே இருந்ததால்தான் கடைக்காக அவரால் அப்படி நின்று போராடவும் முடிந்தது.

சிங்கப்பூரை உதாரணம் காட்டுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் இந்த விஷயத்தில் அது பொருத்தமான உதாரணம். 1960-ல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1971 முதல் 1986 வரை தெருவோரம் விற்றவர்களைக் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள அங்காடி உணவு மையங்களுக்கு மாற்றினார்கள். அந்த மையங்களில் பலவும் கழகக் குடியிருப்புகளின் நடுவிலேயே எழுந்தன. நம்மவர்கள் ‘தேக்கா’ என்று அழைக்கும் லிட்டில் இந்தியா சந்தைக்குப் பக்கத்திலேயே கழகத்தின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. பணக்கார நகரத்தின் மையத்தில், மீன் சந்தைக்கு மேலும் அருகிலும் சாதாரணக் குடும்பங்கள் வசிக்கின்றன. அங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசிடம் இருக்கிறது, நமக்கு அது இல்லை என்பார்கள். பாரிமுனையையும் எழும்பூரையும் சுற்றி அரசுத் துறைகளின் பெயரில் இருக்கும் நிலத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அந்தப் பதிலைச் சொல்லட்டும்.

நான் கேட்பது இலவச வீட்டுப் பட்டா அல்ல. மையப்பகுதியில் தேவை, வாடகை அறைகள். சொந்தமாகக் கொடுத்தால் பத்து ஆண்டில் கைமாறிவிடும். மையத்தின் நில விலை ஏழையை விற்கவைத்துவிடும். வாரியமே உரிமையாளராக இருந்து, மாத வாடகைக்கு, நியாயமான தொகைக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு தரட்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக ‘தோழி’ விடுதிகளை நடத்தும் அரசுக்கு இது புதிய வித்தையல்ல. அங்கே அலுவலகப் பெண்ணுக்குப் புரிந்துகொள்ளப்பட்ட தேவை, அதே அலுவலக வாசலில் பூ விற்கும் பெண்ணுக்கும் உண்டு.

இடிந்துவரும் பழைய வாரியக் குடியிருப்புகளை இப்போது மறுகட்டுமானம் செய்கிறார்கள். அதே இடத்தில் கட்டுவது நல்ல முடிவு. புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் 2021-ல் புதுச் சுவரின் பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததை ஊரே பார்த்தது. தரம் பற்றி இன்னொரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது தரைத்தளத்தைப் பற்றி. புது வரைபடங்களில் தரைத்தளம் வாகன நிறுத்தமாகிறது. இட்லி விற்ற ஜன்னல் காணாமல் போகிறது. தரைத்தளத்தின் தெருமுகப்பை எட்டுக்கு எட்டு அடிக் கடைகளாக விடுங்கள். ஏலத்துக்கு விடாமல், அந்தக் குடியிருப்பிலும் அந்தத் தெருவிலும் ஏற்கெனவே விற்பவர்களுக்கு விடுங்கள். பின்னால் தள்ளுவண்டிகளைப் பூட்டி வைக்க ஓர் இடம், இரவில் சரக்கு வைக்க அலமாரி, பெண்களுக்குக் கழிப்பறை. வியாபாரிகளிடம் கேட்டால் கடைக்கூரைக்கு முன்பே இந்த மூன்றையும்தான் சொல்வார்கள். வண்டியை இரவு விட்டுவைக்கத் தினமும் காசு கொடுக்கிறார்கள். தண்டல்காரருக்கு ஒரு பங்கு, மாமூலுக்கு ஒரு பங்கு போக மிஞ்சுவதில் அதுவும் கழிகிறது. கழிப்பறை இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். பூக்காரம்மாவும் அவர்களில் ஒருவர்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். பெரிய கட்டுமானங்களிடமிருந்து தங்குமிட நிதி என்று அரசு வசூலிக்கிறது. மையத்தில் எழும் கட்டடங்கள் தரும் அந்தப் பணம் மையத்திலேயே அறைகளாகட்டும். நகருக்கு வெளியே வீடு கட்டுவது மலிவு என்ற கணக்கில், பெரும்பாக்கத்துக்கு ஓட்டும் பேருந்தின் செலவும், புதிதாகத் திறக்க வேண்டியிருந்த பள்ளியின் செலவும், நின்றுபோன வருமானமும் எழுதப்படுவதில்லை.

பிராட்வே பேருந்து நிலையமும் குறளகமும் இருக்கும் இடத்தில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயிலை இணைக்கும் பெரிய முனையத்தையும் வணிகத் தளங்களையும் கட்ட அரசு திட்டமிட்டிருக்கிறது. பாரிமுனையின் நெஞ்சுப் பகுதி அது. சுற்றி எத்தனை பழக்கடை, எத்தனை செருப்புக்கடை, எத்தனை கையேந்தி பவன் என்பதை வேலை முடிவதற்குள் எண்ணிவிடலாம். அந்தக் கடைக்காரர்களிடம் ‘வீடு எங்கே?’ என்ற ஒரு கேள்வியையும் அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி மாநகராட்சியைக் கேட்கிறேன். பதில்கள் வந்ததும் வாரியத்தின் பொறியாளர்களையும் அதே மேசைக்கு அழைக்க வேண்டும். வணிகத் தளங்களுக்கு மேல் இரண்டு தளம் வாடகை அறைகள் வேண்டும் என்று அந்தப் படிவங்கள் சொன்னால், அதற்குத் தூண்களின் பலத்தை முதலிலேயே கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்; கூரை போட்ட பிறகு முடியாது.